ஏழாவது வரிசையில் ஒரு கண்ணி

"பிரிச்ச அப்புறமும் நூல் ஏன் ஆன்ட்டி வளைஞ்சு வளைஞ்சே இருக்கு?"

இதைக் கேட்டபோது ஆஃப்ஷீனுக்கு ஏழு வயது. அவள் மடி நிறைய நாவல்பழ நிறத்தில் உல்லன் நூல் கிடந்தது. அப்போதுதான் பிரித்த நூல். நேராக நிற்க மறுத்து, வேகவைத்த சேமியாவைப் போல நெளிந்துகொண்டிருந்தது.

அருள்செல்வி அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "ரொம்ப நாளு பின்னலாவே இருந்துச்சில்ல கண்ணு, அதான் பழகிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அது யாருடைய பின்னல், ஏன் பிரித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஆஃப்ஷீனின் அம்மா தில்ஷாத்தின் குரல் வந்தது: "ஏய், ஆன்ட்டிய நிறுத்தி வெச்சுப் பேசாத. நீங்க கெளம்புங்க்கா, நான் இன்னிக்கு லீவு. நாளன்னிக்கு முடிச்சுத் தந்துர்றேன்."

அருள்செல்வி கிளம்பிவிட்டாள். ஒரு குழந்தையின் கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்களை மீதிப் பாதி எங்காவது வழிமறித்து நிற்கத்தான் செய்யும். அவளை அது மூன்று வருடம் கழித்து மறித்தது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் அருள்செல்வி, சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு பாகம் பழுதென்று திரும்பி வந்தால், அதன் மேல் குத்தியிருக்கும் லாட் நம்பரைப் பார்த்து, எந்த இரும்பு, எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடுவாள். பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வேறு ஆள். ரூபி டீச்சர் கோயில் கூடத்தில் நடத்தும் பின்னல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பெங்களூரில் ஜனவரி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பின்னல் மேளா நடக்கும். அதற்கு நவம்பரிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிடுவாள்.

"மத்த பொம்பளைங்க புருசன் சாமிக்கு மால போடறாருன்னு லீவு கேப்பாங்க. என் பொண்டாட்டி ஊசி குத்த லீவு கேக்கறா" என்று அவள் கணவன் சூசை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனாலும் மேளா நாளில் விடிகாலை பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கிவிடுவது அவன்தான்.

தில்ஷாத் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ரூபி டீச்சரிடம் அவளைச் சேர்த்துவிட்டதே அருள்செல்விதான். கம்பெனி பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட். ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றி இறக்கிப் போகவர ஆகும் ஒன்றரை மணி நேரமும் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். தில்ஷாத்துக்கு இறுக்கமான கை. நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பின்னுவாள். அருள்செல்விக்குத் தளர்ந்த கை. "உங்க கை தின்னுற நூலுக்கு ஓசூர்ல இருக்கற ஆடு பத்தாதுங்க்கா" என்பாள் தில்ஷாத், வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டே. எந்நேரமும் அவள் வாயில் ஒரு கிராம்பு இருக்கும்.

ஆஃப்ஷீன் அப்படிக் கேட்ட வருடம், மேளாவின் சால்வைப் போட்டிக்காக இருவரும் ஒரே கடையில் ஒரே நிறத்தில் ஆளுக்கு ஐந்து உருண்டை வாங்கினார்கள். ஒரே லாட் நம்பர். உல்லன் நூலிலும் லாட் உண்டு. ஒரே நாவல்பழ நிறம்தான் என்றாலும் வேறு லாட்டில் சாயம் அரை இழை மாறியிருக்கும். பின்னிப் பார்த்தால் நடுவில் கோடு விழும். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அருள்செல்வியின் நூல் தீர்ந்தது. சால்வையின் உடல் முடிந்திருந்தது, பார்டர் இல்லை. கடையில் கேட்டால் அந்த லாட் ஒரு உருண்டைகூட இல்லை. கம்பெனியில் ஆடிட் வேறு. அவள் போட்டியையே விட்டுவிடலாம் என்றிருந்தாள்.

"குடுங்க்கா இங்க. நூலு எனக்குக் கெடைக்கும். பார்டரும் நானே போட்டுர்றேன். நீங்க உங்க ஆடிட்டப் பாருங்க" என்று தில்ஷாத் வாங்கிக்கொண்டு போனாள். சொன்ன நாளில் கொண்டுவந்தும் தந்தாள். சால்வையின் ஓரத்தில் அலை அலையாக ஒரு வேலைப்பாடு. ஏரியில் காற்று படும்போது தண்ணீர் நடுங்குமே, அப்படி. யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேளாவில் அருள்செல்வியின் சால்வைக்கு முதலிடம். மேடையில் அந்தப் பார்டரை மட்டும் உயர்த்திப் பிடித்து, "இது யார் யோசிச்சது?" என்று கேட்டார்கள். ஒலிபெருக்கி அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"நான்தாங்க" என்றாள் அருள்செல்வி.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கு முந்திக்கொண்டது. கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் தில்ஷாத் உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் அவள் கை நின்றது. பிறகு எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது கிராம்பு கொடுத்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரூபி டீச்சர் மகிழ்ந்துபோய் அதற்கு 'அருள் பார்டர்' என்று பெயரே வைத்துவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று அருள்செல்வி தள்ளிக்கொண்டே போனாள். அந்த வருட ஐப்பசி மழையில் தில்ஷாத்துக்கு டெங்கு வந்தது. நாலே நாளில் போய்விட்டாள்.

இரண்டு வருடம் போயிற்று. பிறகு ஒரு நவம்பர் ஞாயிற்றில் ரூபி டீச்சர் அவள் தோளைத் தட்டி, "இந்த வருசம் மேளாவுல நீதாண்டி கிளாஸ் எடுக்கற. அருள் பார்டர். நாப்பது பேரு சேந்துட்டாங்க. ஊர் மானத்தக் காப்பாத்து" என்றார்.

அருள்செல்வி தலையாட்டினாள். மறுநாள் காலை மாதிரிக்கு ஒரு துண்டு பின்ன உட்கார்ந்தாள். தில்ஷாத் பஸ்ஸில் ஓரிரு தடவை காட்டியது நினைவில் இருந்தது. ஊசியில் இருபத்து நான்கு கண்ணிகள், அதாவது இருபத்து நான்கு நூல் வளையங்கள், ஏற்றித் தொடங்கினாள். ஆறு வரிசை சரியாக வந்தது. ஏழாவது வரிசை முடிந்ததும் எண்ணினாள். இருபத்தைந்து.

தவறு என்று பிரித்தாள். மறுபடி போட்டாள். ஏழாவது வரிசையில் இருபத்தைந்து. கண்ணியை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே பின்னினாள். இருபத்து நான்கு என்று வாய் சொல்லியது; ஊசியில் இருபத்தைந்து இருந்தது. பதினெட்டு வருடத்தில் எண்ணிக்கையில் அவள் தவறியதில்லை. மிகுந்த கண்ணியை வெட்கத்தோடு பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி மறைத்தால், அலை வரவில்லை. தட்டையாக, செத்த துணியாக இருந்தது.

வாரம் முழுக்க அப்படித்தான். இன்னொன்றும் இருந்தது. கூடையில் கிடக்கும் உருண்டையிலிருந்து நூலை இழுக்கும்போது, மறுமுனையில் யாரோ மெல்லப் பிடித்துக்கொள்வது போல ஒரு இழுப்பு. கூடையை எட்டிப் பார்த்தால் உருண்டை அசையாமல் கிடக்கும். குனிந்து மோந்து பார்த்தபோது கம்பளி வாசனையோடு கிராம்பு வாசனை. வீட்டில் அவள் கிராம்பு வாங்கி மாதக்கணக்காகிறது.

"என்னடி கூடைக்குள்ள பூனையத் தேடற?" என்றான் சூசை, ஷூ மாட்டிக்கொண்டே.

"நம்ம வீட்டுல பூன ஏது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பஸ்ஸில் இன்னொரு நாள். கூட்டம் நிறைந்து வழிந்தது. பேக்கிங் பிரிவுப் பூங்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஏங்க்கா, அந்த சீட்டு யாருக்கு? நானும் தெனம் பாக்கறேன், ஒருத்தரையும் உக்கார விட மாட்டேங்கறீங்க."

"பை வெச்சிருக்கேம்மா."

"பை உங்க மடியிலதான இருக்கு?"

அருள்செல்வி குனிந்து பார்த்தாள். பை மடியில்தான் இருந்தது. பக்கத்துச் சீட்டின் மேல், வேறொருவர் கைமேல் வைத்தாற்போல அவளுடைய இடது கை கிடந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டாள். பூங்கொடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், "சீட்டு சூடா இருக்குதே!" என்று சிரித்தாள். அருள்செல்வி பையை அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

கோயிலில் தில்ஷாத்தின் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டாள். அந்தோணியார் முன் மெழுகுவத்தி ஏற்றினாள். மெழுகுவத்தி தன் வேலையைச் செய்தது. அவளுடைய வேலையை அது செய்யவில்லை.

டிசம்பர் கடைசியில் வேறு வழியில்லாமல் தில்ஷாத்தின் வீட்டுக்குப் போனாள். தில்ஷாத் போட்டுப் பார்த்த மாதிரித் துண்டு ஏதாவது இருக்கும், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். தில்ஷாத்தின் கணவர் அக்பர் பாஷா பாகலூர் ரோட்டில் வண்டி சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேதான் வீடு.

"வாங்கக்கா, வழி மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்று தையல் மெஷினை நிறுத்தினார். வந்த காரணத்தை அவள் தடுமாறிச் சொன்னதும் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "அவ பின்னல் பை ஆணியிலதான் தொங்குது. நான் தொறக்கலக்கா. தொறந்தா மூடத் தெரியாது எனக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்க. பாத்துட்டு, இருந்த மாதிரியே கொண்டாந்து மாட்டிருங்க."

"சரிங்க பாய்."

மேலே ஆஃப்ஷீன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது. நிமிர்ந்தபோது அம்மாவின் நெற்றி.

"அம்மா அந்தப் பார்டர எப்டிப் போட்டாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா கண்ணு?" என்று கேட்டாள் அருள்செல்வி.

"ரெண்டு தடவ போட்டாங்க ஆன்ட்டி. மொதல்ல அவங்க சால்வைக்கு. அப்புறம் அதப் பிரிச்சு, அந்த நூலுல உங்களுக்கு. நான்தான பிரிக்கப் பிரிக்க மடியில வாங்குனேன்? நீங்ககூட வாசல்ல நின்னீங்களே." பென்சிலைக் கடித்தாள். "எனக்கு அழுகையா வந்துச்சு. அவ்ளோ அழகா இருந்துச்சு. அம்மாதான், 'மறுபடி போட்டுக்கலாம்டி, நான் எங்க ஓடிப்போகப் போறேன்'னு சொன்னாங்க. போட்டாங்களான்னு தெரியல. அத்தா பையத் தொறக்க விட மாட்டாரு."

அருள்செல்வி ஆணியிலிருந்து பையைக் கழற்றினாள். ஊர் முழுக்கக் கிடைக்காத லாட் தில்ஷாத்துக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? ஓர் இரும்புத் துண்டின் பிறப்பைத் தேடி மூன்று பேரேடு புரட்டுகிறவள், தன் தோளில் போர்த்திய நூல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றியது. தில்ஷாத்தும் போட்டிக்குத்தான் பின்னினாள். "எனக்கு எதுக்குங்க்கா போட்டியெல்லாம், நேரமில்ல" என்று கடைசி வாரத்தில் அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பையைத் திறந்தாள். கிராம்பு வாசனை எழுந்து வந்து முகத்தில் படிந்தது. மேலாக, உள்ளங்கை அளவில் ஒரு மாதிரித் துண்டு. அதன் அடியில் நாவல்பழ நிறச் சால்வை. உடல் மட்டும். பார்டர் இருந்த இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கண்ணிகள், நழுவிவிடாதபடி ஒரு வெள்ளை நூலில் கோக்கப்பட்டு, வாய் திறந்து காத்திருந்தன. மறுபடி போட அந்த நூலும் இல்லை, நாளும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மாதிரித் துண்டைக் கையில் எடுத்தாள். ஊசி நுனியால் வரிசை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் தில்ஷாத் ஊசியின் மேல் நூலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டுமென்றே ஒரு கண்ணியைக் கூட்டியிருந்தாள். எட்டாவது வரிசையில் அதைப் பின்னாமல் நழுவ விட்டிருந்தாள். அந்தக் கண்ணி விட்டுக்கொடுத்த நூல்தான் அக்கம்பக்கத்துக் கண்ணிகளுக்குப் போய், அவை தளர்ந்து அலையாகியிருந்தன. அருள்செல்வியின் கை அதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. தரம் பார்க்கிறவள்தான் மிகுந்ததைத் தவறென்று பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவள் யோசிக்கத் துணியவில்லை.

ஆக, இப்போது அவளுக்குப் பார்டர் தெரியும். நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 'அருள் பார்டர்' அதற்கப்புறம் எத்தனை ஊருக்குப் போகுமோ. தில்ஷாத்தின் பெயர் இந்தப் பைக்குள்ளேயே கிடக்கும். சொல்லச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்த உயிரோடு யாரும் இல்லை.

மேளாவில் வகுப்பு தொடங்கும் முன்பே அச்சடித்த தாள்களை எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். தலைப்பில் கொட்டை எழுத்தில் அவள் பெயர். தமிழும் கன்னடமும் தெலுங்குமாக நாற்பது பெண்கள் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அருள்செல்விக்கு வலப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதை யாரும் இழுத்துக்கொள்ளவில்லை.

"இந்தப் பார்டர் என்னோடது இல்லீங்க. தில்ஷாத்னு என் கூட வேல செஞ்சவங்களோடது. போட்டிக்கு வந்த சால்வையில இதப் போட்டதும் அவங்கதான். நான் மேடையில பொய் சொன்னேன்."

யாரோ ஒருவரின் ஊசி தரையில் விழுந்து உருண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெங்களூர் அம்மாள் கேட்டார்: "அவங்க இருந்தப்பவே சொல்லியிருக்கலாம் அல்லவா?"

"சொல்லியிருக்கணுங்க. தைரியம் வரல."

ரூபி டீச்சர் முகம் சிவந்து எழுந்தார். "ஏண்டி, அத எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலையறதுக்கென்ன! அந்தப் பேர வெச்சவளே நான்தானடி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவை எடுத்து, தன் தாளில் அருள்செல்வியின் பெயரை அடித்துவிட்டு, "தில்ஷாத்துக்கு 'ஷா'வா 'சா'வா, எது போடணும், சொல்லு" என்று கேட்டார். அறையில் சிலர் சிரித்தார்கள். சிலர் அவரைப் பார்த்துத் தங்கள் தாளிலும் எழுதினார்கள். இரண்டு பேர் ஊசியைச் சுருட்டி வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்களுக்கு அருள்செல்வி ஏழாவது வரிசையைச் சொல்லிக் கொடுத்தாள்.

திரும்பும்போது மனம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அத்திப்பள்ளி தாண்டி மாநில எல்லைக்குள் பஸ் நுழையும்போது மடியிலிருந்த உருண்டை மறுபடி மெல்ல இழுத்தது. பெயரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நூல் இன்னும் அவளிடம்தானே இருந்தது.

தவக்காலம் தொடங்கியது. அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். சூசை முதல் ஷிப்டுக்குப் போனபின் வீட்டில் காலை முழுக்க அவள் மட்டும். பரிசு பெற்ற சால்வையைப் பீரோவிலிருந்து எடுத்தாள். தில்ஷாத் கடைசியாக முடிச்சிட்ட முனையைத் தேடிக் கண்டுபிடித்து, சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டு, பிரித்தாள். அலை ஒவ்வொன்றாக மறைந்து நூலாகிக் கூடையில் விழுந்தது. பார்டர் போன தன் சால்வையை வேறு லாட் நூலால் சும்மா மூடிக் கட்டினாள். கோடு நன்றாகவே தெரிந்தது. அதை அவள் மறைக்கப் பார்க்கவில்லை.

பிரித்த நூலை அலசிக் கொடியில் போட்டு, நெளிவு நேராகட்டும் என்று கீழே ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். காய்ந்ததும் தில்ஷாத்தின் சால்வையை மடியில் போட்டு, வெள்ளை நூலிலிருந்து கண்ணிகளை ஊசிக்கு ஏற்றினாள்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இறுக்கமான கை போட்ட பார்டரின் நூல் இது. தளர்ந்த கை போட்டால் முக்கால்வாசியில் தீர்ந்துவிடும். இந்த லாட் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். தில்ஷாத்தைப் போல முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். இருந்தும் இரண்டாம் வரிசையிலேயே கை தளர்ந்தது.

மறுமுனை இழுத்தது.

மெல்லத்தான். எப்போதும் போல. இத்தனை மாதமாக அவளை நடுங்கவைத்த அதே இழுப்பு. அது பிடித்துக்கொள்ள, நூல் விரலில் இறுகியது. கண்ணி சின்னதாக, திட்டமாக விழுந்தது. அருள்செல்வி கூடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. "சரி தில்ஷாத்" என்று மட்டும் சொன்னாள். கிராம்பு வாசனை வெயிலோடு சேர்ந்து அறையில் நின்றது. பன்னிரண்டு காலைகள் அப்படியே போயின. பயம் முழுதும் போய்விட்டதென்று சொல்ல முடியாது. பயந்துகொண்டே ஒருவர் பக்கத்தில் உட்கார முடியும் என்று மட்டும் தெரிந்துகொண்டாள். கடைசிக் கண்ணியை மூடியபோது மூன்று சாண் நூல் மிச்சமிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பையோடு கடைக்குப் போனாள். அக்பர் பாஷா தொப்பியை மாட்டிக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்களாக்கா? ஜும்மாவுக்கு நேரமாச்சு. மேல தொறந்துதான் இருக்கு, மாட்டிட்டுப் போயிருங்க. ஆஃப்ஷீன் பள்ளிக்கூடம் போயிருக்கா."

மாடியில் யாரும் இல்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் வெறும் ஆணி. அருள்செல்வி சால்வையைப் பார்டர் உள்பக்கம் வரும்படி நாலாக மடித்து, மாதிரித் துண்டுக்கு அடியில், முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். மிச்ச நூலையும் சிறு உருண்டையாகச் சுற்றி உள்ளே போட்டாள். பையின் வாயை இழுத்துக் கட்டி ஆணியில் மாட்டினாள்.

என்றாவது ஒருநாள் ஆஃப்ஷீன் அதைத் திறப்பாள். அம்மா சொன்னபடியே மறுபடி போட்டு முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றரை மணிக்குக் கம்பெனி பஸ். அவள் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.